வெளிக்காயம் இல்லை

சனிக்கிழமை காலை ஆறே முக்கால் பஸ்.
மஞ்சக்குப்பத்தில் ஏறினால்
முள்ளோடை வரைக்கும் தமிழ்நாடு,
அதற்கப்புறம் பாட்டில் விலை குறைவு.
எங்கள் மகளிர் ஸ்டேஷனுக்கு வரும் புகாரில் பாதி
இந்த எல்லையைத் தாண்டிப் போய்
ஊற்றிக்கொண்டு திரும்புவதுதான் என்று
பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்தேன்.
முதல் வகுப்பிலேயே பிளாந்தின் மேடம் கேட்டார்:
"குடித்தவன் உங்க இன்ஸ்பெக்டரை அடித்தானா?"
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
பேனா கொஞ்சம் முரண்டு பிடித்தது.

முதுநிலைப் பட்டயம். ஓராண்டு. வார இறுதி.
படிப்பின் பெயர் அடையாள அட்டையில்
மூன்று வரிக்கு மடங்கியிருக்கிறது.
அஞ்சல் வழியில் வாங்கிய பி.ஏ.
இதற்காவது உதவியதே என்று
ரைட்டர் சிரித்தார்.

பதினாலு பேர்.
காஷுவாலிட்டி டாக்டர் நூர்ஜமீலா
ராத்திரி டியூட்டி முடிந்து நேரே வந்து
சுவரில் சாய்ந்தபடி பாடம் கேட்பாள்,
உட்கார்ந்தால் தூங்கிவிடுவாளாம்.
வக்கீல் தணிகைவேல்
எதைச் சொன்னாலும் பிரிவு எண் சொல்வார்.

ஐந்தாவது சனிக்கிழமை,
தயிர்சாதம் கண்ணில் ஏறும் நேரம்,
திரையில் ஒரு கழுத்து.
வெறும் கழுத்து.
"பார்த்ததை எழுதுங்கள்."
கை தானாக எழுதியது:
வெளிக்காயம் ஏதும் இல்லை.
பதினோரு பேர் அதையே எழுதியிருந்தோம்.

பிறகு மேடம் சொன்னார்.
நெரித்த கழுத்தில் பல நேரம்
கண்ணுக்கு எதுவும் தெரியாது.
குரலைக் கேளுங்கள்.
கம்மியிருக்கிறதா,
எச்சில் விழுங்க வலிக்கிறதா,
கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி உண்டா,
நினைவு தப்பியதா,
தன்னையறியாமல் சேலை நனைந்ததா.
அவளாகச் சொல்ல மாட்டாள். கேட்டால்தான் வரும்.
ஒருமுறை கழுத்தைப் பிடித்த கைக்கு
அடுத்த முறை தூரம் குறைவு.

தணிகைவேல் பிரிவு எண் சொல்லவில்லை.

அஞ்சலாட்சி. சோனாங்குப்பம்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய வாரம்.
மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.
முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்,
மழைக்குளிர் என்று நினைத்தேன்.
என்னவோ சொன்னாள். காற்றுதான் வந்தது.
வயர்லெஸ் இரைச்சல் வேறு.
நான் சொன்னேன்:
"சத்தமாப் பேசும்மா.
வீட்ல மட்டும் எட்டூருக்குக் கேக்கக் கத்துவீங்கல்ல?"

வெளியே அவன்
பைக்கை அணைக்காமல் நின்றான்.
எனக்கு வணக்கம் வைத்தான்.
சமாதானமாகப் போகிறோம் என்று
நான் சொல்லச் சொல்ல எழுதினாள்.
அழகான கையெழுத்து.
கால் மணி நேரம் ஆகியிருக்காது.
அப்புறம் அவள் வரவே இல்லை.
வராததை நான்
நல்ல செய்தியாகக் கணக்கில் வைத்திருந்தேன்.

டீ இடைவேளையில் நூர்ஜமீலா
டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"தொண்டைக் கரகரப்புன்னு எழுதி
மாத்திரை குடுத்திருக்கேன்க்கா.
எத்தனை பேருக்குன்னு தெரியல."
இருவரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

மறுநாள் ஞாயிறு.
உடுப்பு போடாமல் முதுநகர் துறைமுகம் போனேன்,
சோனாங்குப்பத்துப் பெண்கள்
மீன் கூடை வைக்கும் பக்கம்.
யாரிடமும் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை.
போலீஸ் தேடி வந்தது என்று தெரிந்தால்
வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும் என்பது
மூன்றாம் வாரப் பாடம்.
மீன் வாங்குகிறவள் மாதிரி நின்றேன்.
"வாக்கா, சங்கரா பாரு, செவுளத் தூக்கிப் பாரு"
கூவல் மேல் கூவல்.
அதற்குள் எங்காவது
கம்மிய குரல் ஒன்று இருக்கிறதா என்று
வெயில் ஏறும்வரை கேட்டேன்.

எல்லாக் குரலும் கணீரென்றுதான் இருந்தது.

ஒரு கிலோ சங்கரா வாங்கினேன்.
சில்லறை கொடுத்தவள் முகத்தை
ரொம்ப நேரம் பார்த்திருப்பேன் போல,
"இன்னாக்கா?" என்றாள்.
ஒன்றுமில்லை.
எனக்கு அவள் முந்தானை ஞாபகம் இருக்கிறது,
கையெழுத்து ஞாபகம் இருக்கிறது.
முகத்தை நான் பார்க்கவே இல்லை.