இரண்டாம் துளை

காற்று எல்லை தாண்டினால்
கிரேன்கள் எல்லாம் நிற்கவேண்டும் என்பது துறைமுக விதி.
பிரேமர்ஹாஃபனில், நவம்பரில்,
காற்று எந்த விதியையும் படிப்பதில்லை.
நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரை போட்ட கூண்டில்
வேலையும் இல்லாமல், இறங்க உத்தரவும் இல்லாமல்
மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பேன்.
குறுக்கெழுத்து தீர்ந்தது.
சூரியகாந்தி விதை தீர்ந்தது.
கிதார் வாங்கலாமென்று கூண்டை அளந்து பார்த்தேன்.
ஒன்று அது இருக்கலாம்,
அல்லது நான்.

ஆகவே மவுத்தார்கன்.

கடையில் ஒன்னோ என்றொரு பையன்.
ஒரு கையில் பாதி தின்ற மீன் ரொட்டி,
மறு கையால் இழுப்பறையைத் திறந்தான்.
டி, ஏ, ஜி, பி ஃபிளாட்
வரிசையாகப் படுத்திருந்தன.
"எது?"
எனக்குத் தெரிந்த எழுத்துகள்
கன்டெய்னர் முதுகில் இருப்பவைதாம்.
"முதல் முறையா? அப்போ சி" என்றான்,
செருப்புக் கடைக்காரர் பாதத்தைப் பார்த்ததுமே
அளவு சொல்லிவிடுவதுபோல்.
பதினெட்டு யூரோவுக்கு ஒன்று இருந்தது,
விளிம்பு விரலைக் கீறியது.
அறுபதுக்கு ஒன்று,
தொட்டதும் கூச்சம் வந்தது.
நாற்பத்திரண்டுக்கானதை எடுத்தேன்.
துணிச்சலுக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில்
எப்போதும் ஒரு நாற்பத்திரண்டு இருக்கிறது.

"வாயில் வைத்தபிறகு திருப்பி வாங்கமாட்டோம்."

முதல் ஊதலில் மூன்று துளைகள்
ஒன்றாக வாய்க்குள் வந்தன.
அழகாகத்தான் இருந்தது,
ஒன்றும் தெரியாதவளுக்குக் கிடைக்கும் அழகு.
உதட்டைக் குவித்து
ஒற்றைத் துளையைப் பிடிக்க நான்கு நாள்.
கூண்டின் கண்ணாடியில் என் முகம்,
யாருக்கு முத்தம் தர வந்தோம் என்பதை
மறந்துபோன முகம்.
எச்சிலை உள்ளங்கையில் தட்டி உதறினேன்.
மறுபடி.
ஊதினால் ஒரு சுரம்,
அதே துளையில் மூச்சை இழுத்தால் வேறொன்று.
மூச்சு வாங்குவதற்கும்
பாட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை
கொஞ்ச நேரம் நம்பவில்லை நான்.

ஆனால் இரண்டாம் துளை.
ஊதினால் சரி.
இழுத்தால்
பனியில் கிளம்ப மறுக்கும் லாரி.
பலமாக இழுத்தேன்.
இன்னும் பலமாக.
செருமியது,
செத்தது.

சனிக்கிழமை ரசீதோடு போய் நின்றேன்.
ஒன்னோ சண்டை போடவில்லை.
மேசைக்கு அடியிலிருந்து சின்னத் துருத்தி ஒன்றை எடுத்து
இரண்டாம் துளையில் பொருத்தி
மெல்ல விரித்தான்.
காணாமல்போன அந்தச் சுரம்
கடை நடுவில் வந்து நின்றது,
சுத்தமாக, அவசரமில்லாமல்.
புளித்தது வாயா மாங்காயா என்று
அவன் கேட்கவில்லை.
மாங்காய் புளிக்கவில்லை.
ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய் இரவு மறுபடி காற்று.
முப்பது டன்னை
கீழே நிற்பவனின் காபி தளும்பாமல்
இறக்கி வைக்கத் தெரிந்தவள் நான்.
விரலில் இருக்கும் அந்தப் பொறுமையை
தொண்டைக்கு ஏன் அனுப்பவில்லை
இத்தனை நாளாய்?
இழுப்பதை விட்டேன்.
தாடையைத் தளர்த்தினேன்.
கொட்டாவிக்கு முந்தைய நொடிபோல
வாய்க்குள் ஓர் அறை காலியானது,
காற்றுத் தானாக உள்ளே வந்தது.

வந்தது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
மறுபடி அழைத்தேன், வந்தது.
மூன்றாவது முறை வரவில்லை,
நான்காவது முறை வந்தது.
அப்புறம்தான் பார்த்தேன்,
ரேடியோவின் பொத்தான்
என் முழங்கைக்கு அடியில் அழுந்திக் கிடக்கிறது.
எத்தனை நேரமாகவோ.
பின்னேர்கள், பைலட்டுகள், வாசல் காவலர்கள்,
நங்கூரமிட்டுக் காத்திருக்கும் இரண்டு கப்பல்கள்,
எல்லோர் காதிலும் என் துளை.

கையை எடுத்தேன்.
ஒரு கரகரப்பு. பிறகு கீழிருந்து
செஃபரின் குரல்:
"கெஷே, ஏழாம் கிரேனில் பிரேக் ஏதோ
விட்டு விட்டு முனகுகிறது.
எண்ணெயோடு ஆள் அனுப்பட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்,
"இப்போதுதான் சரியானது."