ல், ற் ஆகும் இடம்

மூன்று நிறுவனங்கள் வந்தன,
மூன்று செவ்வாய்க்கிழமைகளில்.
முதலில் வந்தவரின் திரையில் ஒரே ஒரு பெட்டி,
வெள்ளையாய், ஓரங்கள் மழுங்கி.
"குழந்தைகூடத் தேடலாம்" என்றார், மூன்று தடவை.
அவர் தட்டியதெல்லாம் கிடைத்தது.
கிடைக்கும் என்று தெரிந்ததைத்தான் தட்டினார்.

மதிப்பெண் தாளில் நாற்பத்திரண்டு கட்டங்கள்:
விலை, வேகம், பராமரிப்பு,
கைப்பேசியில் எப்படித் தெரிகிறது.
தமிழ் முப்பத்தெட்டாவது கட்டம்.
உண்டு, இல்லை என இரண்டே விடை.
மூவரும் உண்டு என்று குறித்திருந்தார்கள்.

நான் கொண்டுபோனது ஒரு தாள்.
பழைய தேடுபொறியின் தோல்விப் பதிவு,
ஈசூன் கிளை, இரண்டாம் மாடி, நான்காம் கணினி,
ஒரு ஞாயிறு மாலை ஐந்து பத்து:

thaiyal
taiyal
thayyal
தையல்

அதன்பின் ஒன்றுமில்லை. ஐந்து பதினான்கு.

பதிவில் பெயர் இருக்காது.
யார் என்று கேட்கவும் கூடாது.
ஆனால் கடைசித் தடவை
விசைப்பலகையை மாற்றி, ஒவ்வோர் எழுத்தாய்த் தேடி
தமிழிலேயே அடித்திருக்கிறார்.
மூன்று எழுத்துக்கு ஒன்றே முக்கால் நிமிடம்.

அந்தக் கணினிக்குப் பின்னால்
ஏழெட்டு எட்டு தள்ளி, கண் உயரத்தில்
இருந்தது புத்தகம். போய்ப் பார்த்தேன். இரண்டு பிரதி.
முகப்பில் பெரிதாய்த் தையற்கலை.
கலை வந்ததும் ல் எழுந்து போய்
ற் உட்கார்ந்துவிட்டது.
உயர்நிலை இரண்டில்
எனக்கு அரை மதிப்பெண் போன இடம்.

இரண்டாம் நிறுவனத்து டெஸ்மண்ட் குனிந்து பார்த்தார்.
"எழுத்துப் பிழையா?"
இல்லை.
பிழையே இல்லாததால் வந்த வினை.

மூன்றாமவர் பெட்டியில் malai என்று அடித்தேன்.
மலை வந்தது. மழை வரவில்லை, மாலையும் வரவில்லை.
'மலாய் மொழியா தேடுகிறீர்கள்?'
என்று பணிவாய்க் கேட்டது.
"என்னையா தேடுது?"
தலைமை இருக்கையில் நோரைனி குலுங்கிச் சிரித்தார்.
அவர்களின் பொறியாளர் ஹுய் மின் சிரிக்கவில்லை.
என் தாளை வாங்கி,
படிக்கத் தெரியாத எழுத்தை விரலால் தொட்டாள்.
"எங்களுக்கு இது தெரியாது" என்றாள்.
"விதிக் கோப்பைத் திறந்து தரலாம்.
நீங்கள் எழுதுங்கள்."

தெரியாது என்ற சொல்
மூன்று செவ்வாயில் அப்போதுதான் காதில் விழுந்தது.
நாற்பத்திரண்டில் அதற்குக் கட்டம் இல்லை.
தாளின் ஓரத்தில் எழுதினேன்.
நோரைனி இரண்டு வாரம் வைத்திருந்து கையெழுத்திட்டார்.

பிறகு ஐந்து மாதம்,
கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள்:
கடல், கடற்
பொருள், பொருட்
மண், மட்
ஒருநாள் பாலுக்கு நான் எழுதிய விதி
பாலத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.
தாய்ப்பால் பற்றித் தேடிய யாருக்கோ
அறுபது பொறியியல் நூல்கள்.
அதை அழித்தேன். காப்பி ஓ ஆறிப்போயிருந்தது.
இரவு பதினொன்றுக்கு ஹுய் மின்னின் செய்தி:
"தலைமேல் அந்தப் புள்ளி கட்டாயமா?
இல்லையென்றால் இன்னும் வேகமாகும்."
கட்டாயம் என்றேன்.
அதற்குமேல் அந்த நேரத்தில் விளக்க முடியவில்லை.

திறந்து ஆறு வாரமாகிறது.
நூற்றுக்கு முப்பது தோற்றது, இப்போது பதினொன்று.
நோரைனி அதை வரைபடமாக்கி மேலிடத்துக்கு அனுப்பினார்.
நான் அந்தப் பதினொன்றைத் திறந்தேன்.

நான்காம் கணினி. ஞாயிறு, ஐந்து இருபது.
kaja
பூஜ்யம்.

அவராய் இருக்கலாம். வேறு யாராகவும் இருக்கலாம்.
ஆனால் தையல் கிடைத்த பிறகுதான்
ஒருவருக்குக் காஜா தேவைப்படும்.
நம் புத்தகங்கள் அதைப் பொத்தான் துளை என்கின்றன.

காஜா, பொத்தான் துளை
என்று ஒரு வரி சேர்த்துச் சேமித்தேன்.
அட்டவணை மறுபடி உருவாக
இரவு பன்னிரண்டு ஆகும்.