இருபத்தைந்து முளைகள்

லுசாக்கா. காலை எட்டே கால்.
மின்வெட்டு அட்டவணைப்படி
பத்து மணி வரைக்கும் வெளிச்சம் உண்டு.
அதற்குள் முடித்துவிடலாம் என்கிறாள் முட்டிண்டா,
கழுத்தில் தொங்கும் கடிகாரத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தபடி.

எதிரே நமுக்கோலோ. ஐம்பத்திரண்டு வயது.
பத்தொன்பது ஆண்டுகள் வங்கியில் காசாளர்.
பதினேழு ஆண்டுகளாக
இரவு ஒன்பதுக்கு ஒரு மாத்திரை.
ரத்தத்தில் வைரஸைத் தேடினால் கிடைப்பதில்லை,
கருவியின் கண்ணுக்கும் எட்டாத அளவு.
நல்ல செய்திதான்.
ஆனால் போன வாரம்
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
வீடு முழுக்கச் சாவி தேடினாள்.

வயதா, தூக்கமில்லாததா,
கிட்வேயில் இருக்கும் மகன்
அழைப்பை எடுக்காத கவலையா?
இல்லை, மண்டைக்குள் ஏதோ ஓர் உள்ளறையில்
வாடகையும் தராமல், காலியும் செய்யாமல்
படுத்துக் கிடக்கிறானா பழைய குடித்தனக்காரன்?

இந்தக் கேள்விக்குத்தான் நிதி.
ஐந்து ஆண்டுகள். கடல் தாண்டி வருகிற பணம்.
அதில் ஒரு வரி டீசல்.
ஒரு வரி, வந்துபோகிறவர்களின் பஸ் கட்டணம்.
பன்னும் பழரசமும் சேர்த்து ஒரு வரி.
ஒரு வரி இந்தப் பலகை:
இருபத்தைந்து துளைகள், கிண்ணம் நிறைய முளைகள்.
முளை ஒவ்வொன்றின் விலாவிலும் மெல்லிய வரப்பு.
துளைகளோ ஒன்று பார்த்த திசையை இன்னொன்று பார்ப்பதில்லை.
திருப்பித் திருப்பிப் பொருத்த வேண்டும்,
இடது கையால்.

நான் எழுதுகிற மொழியில்
முளைக்கும் மூளைக்கும் நடுவே
ஒரே ஒரு மாத்திரைதான்.
லுசாக்காவில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

'தொடங்குங்கள்.'

பழக்கம். கட்டைவிரல் தானாக
ஈரப் பஞ்சைத் தேடிப் போகிறது.
மேசையில் பஞ்சு இல்லை.
நாக்குக்குப் போகிறது.
'தொடக் கூடாது' என்கிறது கையேடு,
முட்டிண்டா பார்க்காதவள்போல் இருக்கிறாள்.
லோசியில் முணுமுணுத்து எண்ணுகிறாள் நமுக்கோலோ.
பதினான்காவது முளை நழுவி
மேசைக்கடியில் உருண்டு ஓடுகிறது.
கடிகாரம் நிற்காது. அது விதி.
இன்னொன்றை எடுக்கிறாள்.

நூற்றுப் பதினோரு விநாடி.

இது மெதுவா இல்லையா என்று சொல்ல
முன்பு இருந்த அட்டவணை
வேறொரு கண்டத்தின் விரல்களால் ஆனது.
அதனால் வைரஸ் இல்லாத முந்நூறு பேரை
இந்த ஊரிலேயே தேடி உட்கார வைத்தார்கள்.
ஆள் குறைந்த ஒரு சனிக்கிழமை
முட்டிண்டாவும் உட்கார்ந்தாள்.
குழுவின் பெயர்: ஆரோக்கியம்.
அவளுக்கு ஆனது நூற்றுப் பதினெட்டு.
யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒன்பது நாற்பதுக்கே மின்சாரம் போனது.
அட்டவணைக்கு அட்டவணை தெரியாது.
ஜன்னல் இல்லாத அறை.
சுவருக்கு அப்பால் ஜெனரேட்டர்
இருமி, இருமி, பிடித்துக்கொள்கிறது,
விளக்குக்காக இல்லை.
குளிர்பெட்டிக்காக. அங்கே மைனஸ் எண்பதில்
இடுப்பிலிருந்து ஊசி வழியே இறக்கிய
நமுக்கோலோவின் சில துளிகள்,
தண்ணீரைப் போலத் தெளிவாக.

இருட்டிலேயே கேட்கிறாள் முட்டிண்டா:
'சற்று முன் பன்னிரண்டு சொற்கள் சொன்னேனே?'

ஆடு. மண்வெட்டி. தேவாலயம். மழை.
சோளம். சைக்கிள். பாய். தவளை.
அப்புறம்... கம்பளி. உப்பு. ஏணி.
நெடுநேரம் எதுவும் இல்லை.
பிறகு, 'டீசல்.'

பட்டியலில் இல்லாத சொல்.
'இடையில் நுழைந்தது' என்று அதற்கொரு கட்டம் உண்டு.
கைபேசி வெளிச்சத்தில் அதில் ஒன்று போடுகிறாள்.
பன்னிரண்டாவது சொல் வாளி.
முட்டிண்டாவின் வாய்க்குள்ளேயே அது நிற்கிறது.

நிதி நீளுமா என்ற கடிதம்
இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.
'முடிந்தது, போகலாம்' என்கிறாள்.

நமுக்கோலோ போகவில்லை.
பலகையைத் தடவுகிறாள், கிண்ணத்தைத் தடவுகிறாள்,
இருட்டுக்குள் விரல்கள் வேகமாக எண்ணுகின்றன.
'ஒன்று குறைகிறது' என்று சொல்லிவிட்டு
மேசைக்கடியில் குனிகிறாள்.