நடுவில் ஒரு பெட்டி

முதுநகர் மீனவர் கூட்டுறவு அலுவலகம்.
பரணில் குந்தியிருக்கிறேன்,
வாயில் டார்ச், மடியில் கிரிம்பர்.
கீழே பத்து மேசை, பத்து கம்ப்யூட்டர்.
எதுவும் எதனோடும் நேரே பேசாது.
காசாளர் அஞ்சலாட்சி
பக்கத்து மேசைக்கு ஒரு ரசீது அனுப்பினாலும்
அது சுவரேறிப் பரணுக்கு வந்து
இந்தச் சாம்பல் பெட்டிக்குள் புகுந்து
மறுபடி சுவரிறங்கிப் போக வேண்டும்.
கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

நட்சத்திரம் என்று பெயர் இதற்கு.
பாலிடெக்னிக்கில் படம் வரைந்தால்
முழு மார்க்.
நேற்றிரவு ஓடு ஒழுகிப் பெட்டி நனைந்தது.
காலையில் பத்து மேசையும் ஊமை.
டீசல் மானியப் பட்டியலுக்கு வந்தவர்கள்
வாசலில் குடையோடு.

சுவரோரம் செத்துக் கிடக்கிறது பழைய வடம்,
கறுப்பு, பென்சில் தடிமன்.
ஒரே வடத்தில் எல்லோரும் தொங்கிய காலம்.
பஸ் என்றே அதற்குப் பெயர்.
திருப்பாப்புலியூர் டவுன் பஸ்ஸேதான்:
ஒருத்தி போனில் அழுதால்
வண்டி முழுக்கத் தெரியும் யார் மாமியார் என்று.
நுனியில் ஒரு மூடி இருக்கும்.
அது கழன்றால்
போன சொல் முனையில் மோதித் திரும்பி
வருகிற சொல்லை முட்டும்.
மூடியை யாரோ பிள்ளை கோலியென்று எடுத்துப்போக
மூன்று நாள் ஆபீஸ் நின்றதாம்.

வளையத்தை நான் தொட்டதேயில்லை.
டோக்கன் கையில் வந்தவர் மட்டும் பேசலாம் என்று
பரீட்சையில் எழுதினேன்,
ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொண்டு.

"எங்க போட்டுல இந்தத் தொல்லையில்ல,"
கீழிருந்து சோனாங்குப்பத்து மாசிலாமணி.
"கரை கேக்கலன்னா பக்கத்துப் போட்டு கேக்கும்.
அவன் இன்னொருத்தனுக்குச் சொல்லுவான்.
எப்படியும் வந்து சேரும்."
சரிதான் அண்ணே.
ஆனால் பத்துப் பேருக்கும் நேர்க் கம்பி என்றால்
நாற்பத்தைந்து கம்பி.
சங்கத்தில் பணமில்லை.

நாலு பேருக்கு ஆறு போதும்.
எங்கள் வீட்டில் மூன்றுதான்,
மூன்றும் என்னிடம் வந்து முடிந்தன.
மாத்திரை தீர்ந்ததை மாமா என்னிடம் சொல்வார்.
நான் அவரிடம் சொல்வேன்.
அவர் வாங்கிவந்து என் கையில் தருவார்.
நான் மாமாவிடம்.
இடையில் பன்னிரண்டடிக் கூடம்,
விசைப்படகை விற்ற நாலு வருஷக் கோபம்.
இளவேனில் அவள் பங்குக்கு
காலேஜ் விஷயத்தில் அப்பாவோடு பேசுவதில்லை.
தாத்தாவுக்குக் காது கேட்காது,
கத்த அவளுக்குப் பொறுமையில்லை.

ஐப்பசியில் எனக்கு டெங்கு.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள்,
சார்ஜ் இல்லாத போன்.
வீடு அணைந்துபோயிருக்கும் என்று நினைத்துத்தான்
ஆட்டோவில் வந்திறங்கினேன்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தாள்.
மாமாவின் நடுங்கும் எழுத்து: மாத்திரை இல்லை.
அடியில் அவர்: ராத்திரி வாங்கறேன்.
அதற்கும் அடியில், பச்சை மையில்:
தாத்தா, தோசை கருகிடுச்சு. மேல இருக்கிறதை மட்டும் சாப்பிடுங்க.

சந்தோஷம்தான்.
கூடவே, கழற்றி ஓரமாய் வைத்த பெட்டி மாதிரி
கொஞ்சம் சில்லென்று இருந்தது.
எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

இப்போது மடியில் போன், ஸ்பீக்கரில் அவர்:
"பஸ் ஸ்டாண்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்னு
இளவேனில்கிட்ட கேட்டுச் சொல்லு.
ஹலோ?
கேக்குதா?"

வாயில் டார்ச் இருக்கிறது.
எடுத்தால் பேசலாம்.
புதுப் பெட்டியின் முதல் விளக்கு
பச்சையாகச் சிமிட்டும்வரை
எடுக்கவில்லை.
அதன் பிறகும்.