வடிதாள்

கேலாங்கிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வந்தது
பதினொரு புட்டி பனி.
மணாலி வரை ஒரு லாரி, அப்புறம் இரவுப் பேருந்து,
காஷ்மீரி கேட் நிலையத்தில் நான்.
இறக்கிக் கொடுத்தவன் கேட்டான்,
"மீன் பெட்டியா, மேடம்?"
"பனி" என்றேன்.
சிரித்துவிட்டான்.
ஜனவரியில், தில்லிக்கு,
கூலி கொடுத்துப் பனியை வரவழைக்கிற பைத்தியம்.

இந்த ஊர் மொழியில் கோஹ்ரா வேறு, பர்ஃப் வேறு,
புல்லில் நிற்கும் ஓஸ் வேறு.
என் மொழியில் எல்லாம் பனிதான்:
புல்நுனியில் தொங்குவதும்
காலை எட்டு மணி ரயிலைப் பிற்பகல் மூன்றுக்கு வரவைப்பதும்
கணவாயில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உறைவதும்.
அடைமொழி சேர்த்தால்தான் ஆள் தெரியும்.
சோம்பேறிச் சொல் என்று நினைத்திருந்தேன்
இந்த வேலைக்கு வரும்வரை.

நேற்று அதிகாலை எங்கள் மொட்டை மாடியில்,
நிமிர்த்தி வைத்த கயிற்றுக் கட்டில் போல ஒரு சட்டம்,
அதன் நைலான் நரம்புகளில்
தில்லியின் மூடுபனி சொட்டுச் சொட்டாக இறங்கியது.
முதல் அரைமணியில் விழுவதுதான் மோசம்.
டீக்கடைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம்.
மழை என்றால் நிறையத் தண்ணீரில் கொஞ்சம் அழுக்கு.
இதில் தண்ணீர் பேருக்குத்தான்,
மற்றதெல்லாம் ஊர்.

இன்று ஆங்மோவின் பனி.
ஆறாம் புட்டியில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
'கணவாய். கம்பத்தின் தெற்கு முகம். சுரண்டியது.'
மேகம் கம்பத்தில் மோதி உறையும்போது
காற்று போகும் பக்கம் வளர்வதில்லை,
வரும் பக்கம் பார்த்தே வளர்கிறது.
ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை இறகுகள்
எல்லாம் தெற்கே நீட்டிக்கொண்டு.
அவள் அனுப்பிய படத்தை
அலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
தெற்கே என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியாதது போல.

உருக்கினேன். வடித்தேன்.
உள்ளங்கையில் அடங்கும் வட்டத் தாள்,
அதன் நடுவே
கண்மை துடைத்த பஞ்சு போல ஒரு கறை.
பக்கத்தில் நேற்றைய மாடித் தாளை வைத்தேன்.
அது கறுப்பு, இது சாம்பல்.
கூடப் பிறந்தவை என்று பார்த்தாலே தெரிகிறது என்றேன்.
பார்த்தால் தெரிவதெல்லாம் தரவு ஆகாது என்றார் முனைவர் பாண்டா.
அவர் சொல்வது சரி.
சல்பேட் இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு, கரி இவ்வளவு.
யார் வீட்டுக் கரி என்று பார்க்க
வேறு கருவி, வேறு துறை, தனிக் கட்டணம்.

ஆறு மணிக்கு வெளியே வந்தால்
தெருவிளக்கு மட்டும் தொங்குகிறது,
கம்பத்தைக் காணோம்.
வாயிலில் பிர்ஜு மண்டல் தகர டப்பாவில் தீ மூட்டியிருந்தார்:
பிளைவுட் துண்டு, ஒற்றைச் செருப்பு, கோப்பு அட்டைகள்.
"மேடம், அந்தப் பெட்டி காலிதானே?"
தெர்மாகோல் கூடாது, விஷம் என்றேன்.
சரி, மேலே சுற்றிய அட்டையாவது, என்றார்.
ஏழு டிகிரி.
அவருக்குக் காலை ஆறு வரை இங்கேதான்.
கொடுத்தேன்,
'தலைகீழாக வைக்காதே' என்று
ஆங்மோ மூன்று மொழியில் எழுதியிருந்த அட்டை.
இரண்டாகக் கிழித்துப் போட்டார்.
கையுறையைக் கழற்றிவிட்டு
நானும் கைகளை நீட்டினேன்,
சூடு வரும் பக்கம் பார்த்து, பத்து விரலும்.

புகை மேலே ஏறவில்லை.
எங்கள் தலை உயரத்தில் நின்று
எந்தப் பக்கம் என்று யோசித்தது.

பையில் அலைபேசி அதிர்ந்தது. ஆங்மோ:
'பத்திரமாக வந்து சேர்ந்ததா?'
பதினொன்றும் வந்தன என்று அடித்தேன்.
நான்காம் எண் மட்டும் மூடி தளர்ந்து
வழியிலேயே உருகியிருக்கிறது.