ஐந்து மணி நேரம்

மூக்கு சப்பையான நாய்களை
விமானத்தில் ஏற்றமாட்டார்கள், இமோஜென்.
மேலே போனால் மூச்சு அடைக்கும்.
வக்கீல் கடிதத்திலேயே இருக்கிறது, மூன்றாம் பத்தியில்:
புல்டாக், ஆண், ஒன்பது வயது, பெயர் டர்னிப்,
மார்ச் முடிவதற்குள் நியூயார்க்கில் ஒப்படைக்கப்பட வேண்டியது.
சாப்பாட்டு மேசைக்குக் கீழே,
கார் சாவிக்கு மேலே
அதன் பெயர்.

ஆக, குளியல்தொட்டியில் முழங்கால் நனைந்தாலே
விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் நான்
சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறினேன்.

எனக்கு நான்காம் தளத்தில் சன்னல் இல்லாத அறை.
டர்னிப்புக்குப் பன்னிரண்டாம் தளத்தில்
கடல் பார்த்த கூண்டு.
பார்வை நேரம் என்று பலகை வைத்திருந்தார்கள்,
எட்டு முதல் பத்து, நான்கு முதல் ஆறு.
கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகும்போது
சிறையில் இருப்பது யார் என்று ஒரு கணம் குழம்பும்.

நாய்களுக்காக அங்கே
ஒரு விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள்,
விளக்கு இல்லாமல்.
பக்கத்தில் சிவப்பு தீயணைப்புக் குழாய்,
தண்ணீர் இல்லாமல்.
திருமதி ஹாலாஸின் பூடில் ஏறிய அன்றே
இரண்டையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது.
டர்னிப் அடக்கிக்கொண்டது.
முதல் நாள். இரண்டாம் நாள்.
மண் இல்லாத இடத்தில் எப்படி, என்று
என்னையே பார்த்தது,
இந்த ஏற்பாட்டில் நானும் ஓர் ஆள் என்பதுபோல.

மூன்றாம் நாள் காலை
கூண்டுக்காரர் ரோகெலியோ சொன்னார்:
"நீங்கள் திரும்பி நில்லுங்கள் ஐயா. அதற்கு வெட்கம்."
திரும்பினேன்.
அதுவரை நான் கடலைப் பார்த்திருக்கவில்லை.
சுவரைத் தொட்டுக்கொண்டே வருவேன்,
தரையைப் பார்த்துக்கொண்டே போவேன்.
இப்போது வேறு பக்கமே இல்லை.
சாம்பல் நிறத்தில், ஒரு தழும்புகூட இல்லாமல்,
யாருக்கும் எதையும் ஒப்படைக்கத் தேவையில்லாத
அவ்வளவு தண்ணீர்.
என் முதுகுக்குப் பின்னால்
கெட்டிலிலிருந்து ஊற்றுவதுபோல் ஒரு சத்தம்
நின்றபாடில்லை.
ரோகெலியோ மெல்லக் கைதட்டினார்.

மேற்கே போகும் கப்பலில்
ராத்திரிக்கு ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள் கடிகாரத்தை.
ஒலிபெருக்கி சொல்லும், எல்லோரும் முள்ளைத் திருப்புவார்கள்.
டர்னிப்பின் வயிறு திருப்பாது.
கப்பலுக்கு ஏழு, அதற்கு எட்டு,
கூண்டைப் பிறாண்டி ஊரைக் கூட்டும்.
ரோகெலியோ தொலைபேசியில் கூப்பிடுவார்,
பலகை அவருக்கும் தெரியும்,
பலகையைப் பார்க்காமல் கதவைத் திறப்பார்.

ஐந்து இரவுகள். ஐந்து மணி நேரம்.
எந்தப் பத்தியிலும் எழுதாதவை.

முதல் மணி, கழுத்துமடிப்பில் சிக்கு எடுத்தேன்.
இரண்டாவதில் உன்னைப் பற்றிக் கொஞ்சம் பொய் சொன்னேன்,
கேட்டுக்கொண்டது, நம்பவில்லை.
மூன்றாவது காதுகளுக்கே சரியாகப் போயிற்று.
நான்காவதில் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்,
வாயைத் திறந்துகொண்டு, சுவரில் சாய்ந்து;
திருமதி ஹாலாஸ் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.
ஐந்தாவதைச் சொல்லமாட்டேன்.

புரூக்ளின் துறையில் நீ நின்றிருந்தாய்.
முடியைக் குறைத்திருந்தாய். நன்றாக இருந்தது.
டர்னிப் ஓடவில்லை, வாலாட்டவில்லை.
உன் வலது காலணியை வெகுநேரம் மோந்தது,
பிறகு அதன்மேல் உட்கார்ந்தது,
முழுக் கனத்தோடு,
சம்பளப் பாக்கி வாங்க வந்தவன்போல.
கையெழுத்துப் போட்டேன்.
"பயணம் எப்படி?" என்றாய்.
"ஈரம்," என்றேன்.

விமானத்தில் திரும்பினேன்.
கிழக்கே போகிறவர்களிடம்
கொடுத்த மணிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்,
தூங்கும்போது, கேட்காமலே.
ஒன்று போயிற்று, இரண்டு, மூன்று.
நான்காவதையும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஐந்தாவதைப் பற்றி யாராவது விசாரித்தால்
கப்பலில் விட்டுவிட்டேன் என்பேன்.
கோட்டுப் பையில் கைவைத்து,
அந்தப் பாதி பிஸ்கட்டை மூடிக்கொண்டு.