பதினோராவது இலை

குருநகரில் றொபின்சனின் கராஜில்
பழைய ஒஸ்ரின் கேம்பிரிச் ஒன்று
வயிறு திறந்து கிடந்தது.
"காத்து உள்ளுக்குப் போற வால்வுதான் வேணும்" என்றேன்,
"புகை போற வால்வு சூடாக்கினாலும் இறுகாது."
கிறீஸ் கையால் நெற்றியைச் சொறிந்து
"பல்லுக் கட்டுற பிள்ளைக்கு
வால்வு என்னத்துக்கு?" என்றான்.
இரண்டு தந்தான். காசு வாங்கவில்லை.

பகலில் நான் பிறர் வாய்க்குப் பல் செய்கிறவள்.
மெழுகில் கடைவாய் செதுக்கிப் பழகிய கைக்கு
உருக்கு இலேசில் சம்மதிக்காது.
சிவக்கக் காய்ச்சி
சாம்பலுக்குள் புதைத்து
விடியும்வரை ஆறவிட்டேன்.
காலையில் அரம் கடித்தது.

எதை வெட்டுவது?
மயில் வேண்டாம். மாங்காயும் வேண்டாம்.
காரைநகர்க் கடற்கரை மணலில்
இழுபட்டுக் கிடக்கிற அடம்பன்,
நுனி பிளந்த அதன் இலை,
ஓர் உளுந்தளவில்.

மூன்று இரவு.
நான் அராவிய இடம் வெள்ளியில் மேடு,
விட்ட இடம் பள்ளம்,
இடது என்றால் வலது.
மெழுகுதிரிப் புகையில் அதன் முகத்தைக் கறுப்பாக்கி
மருந்துத் துண்டில் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன்.
நாலாம் இரவு, முடியப்போகிற நேரம்,
அரம் வழுக்கி
வலது மடலில் ஒரு கீறல்.
திருத்தப் போனால் இலையே போய்விடும்.
விட்டுவிட்டேன்.

கரண்ட் போன இரவாய்ப் பார்த்து
காஸ் சுவாலையில் பிடித்தேன்.
இருட்டில்தான் சிவப்பு பொய் சொல்லாது.
காந்தம் ஒட்ட மறுத்த கணம்
நல்லெண்ணெய்க்குள்.
வீடு முழுக்க
யாரோ தலை முழுகிய மணம்.
மறுநாள் பகல் வெளிச்சத்தில்
மினுக்கிய தண்டைப் பின்பக்கத்திலிருந்து சூடாக்க
நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்
முகத்தை நோக்கி நடந்து வந்தன.
வைக்கோல், அதன் பின்னே பனங்கட்டி,
கத்தரிப்பூ வந்தால் பிந்திவிட்டோம்.
வைக்கோல் முகம் தொட்டதும் தண்ணீருக்குள்.
சுத்தியல் படும் தலையை மட்டும் மென்மையாய் விட்டேன்.
அடி வாங்குகிற பக்கம் கொஞ்சம் நசியட்டும்,
இல்லாவிட்டால் சிதறிக் கண்ணுக்குள் வரும்.

முப்பத்திரண்டு அடி, ஒரு வெள்ளிக் காப்பு.
பல்லின் கணக்கு, தற்செயல்தான்.
பத்து வரை ஒரே மூச்சு.
பதினோராவதுக்குக் கை ஓங்கியபோது
படலையில் டம் டம்மென்று
மீற்றர் பார்க்கிற பெடியன்.
இலை ஆழமாய், சற்றே சரிந்து விழுந்தது.
அந்தக் காப்பை
மானிப்பாயில் ஒரு கடைக்கு விற்றேன்.

ஆறு மாதம் போய்
பருத்தித்துறை மினிபஸ்ஸில்
என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்த கையொன்றில்
என் காப்பு.
இல்லை, என்னுடையதல்ல, வார்த்தது.
விளிம்பெல்லாம் கரைந்த சவர்க்காரம் மாதிரி.
ஆனால் வலது மடலில் கீறல்.
பஸ் குலுக்கக் குலுக்க எண்ணினேன்,
இரண்டு தரம் பிழைத்து, நெல்லியடி வரும்வரை.
பதினோராவது ஆழம். அதே சரிவு.
"எங்க வாங்கினீங்கள்?"
"இப்ப எல்லாக் கடையிலையும் கிடக்கே அக்கா."

கோபம் வர வேண்டிய இடம்.
வந்ததுந்தான்.
அதற்கு முன் ஒரு யோசனை முந்திக்கொண்டது:
எத்தனை மணிக்கட்டுகளில்
அந்தப் பெடியன் இன்னமும்
படலையைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்!
அவனுக்கு இது தெரியாது.
யூனிற் கூடிவிட்டதென்று
அன்றைக்கு அவனோடு சண்டை பிடித்திருந்தேன்.

"இது என்ன டிசைன் தெரியுமோ?" என்று கேட்டேன்.
"வண்ணத்திப்பூச்சி" என்றாள்
கையைத் திருப்பிக் காட்டி.
"வடிவல்லோ?"

வீட்டுக்கு வந்து கால் கழுவமுன்
றொபின்சன் தந்த மற்ற வால்வை
வைஸில் இறுக்கினேன்.
ஒரு காம்பு.
நீட்டாய், நடு நரம்போடு.
இனி எவளும் அதைப்
பறக்கவிட ஏலாதபடி.